கொம்யூன் என்பது ஊராட்சியா, நகராட்சியா? நெடுங்காட்டிலிருந்து ஒரு கேள்வி

கேள்வி: நெடுங்காட்டுப் பேரன்

அனைவருக்கும் வணக்கம். என் அப்பாயியின் பிறப்புப் பதிவு நகல் ஒன்று எங்கள் வீட்டுத் தகரப் பெட்டியில் பல்லாண்டுகளாக இருக்கிறது. பிரெஞ்சு மொழியில் சாய்வான கையெழுத்தில் எழுதப்பட்ட அந்தத் தாளின் தலைப்பில், காரைக்கால் என்பதற்குக் கீழே 'நெடுங்காடு கொம்யூன்' என்று இருக்கிறது. இன்றும் எங்கள் ஊரில் 'நெடுங்காடு கொம்யூன் பஞ்சாயத்து' என்ற பலகையுடன் ஓர் அலுவலகம் இயங்கி வருகிறது. சிறு வயது முதல் பார்த்துப் பழகிய சொல் என்பதால் அதன் பொருளை நான் யோசித்ததே இல்லை.

சென்ற ஆண்டு என் அக்காள் மகனின் திருமணத்திற்காகப் பிரான்சுக்குப் போயிருந்தேன். லியோன் நகரிலிருந்து ஒரு மணி நேரத் தொலைவில், முந்நூறு பேர்கூட வசிக்காத ஒரு கிராமத்தில் அவன் குடியிருக்கிறான். அங்கே மூவண்ணப் பட்டை அணிந்த மேயர் ஒருவர் சட்டப் பிரிவுகளை வாசித்துத் திருமணத்தை நடத்திவைத்தார். அந்தச் சிற்றூரும் கொம்யூன், பாரிஸ் மாநகரமும் கொம்யூன், இரண்டுக்கும் சட்டத்தில் ஒரே தகுதி என்று அவன் சொன்னபோது எனக்கு நம்புவதற்குக் கடினமாக இருந்தது. அப்படியென்றால் கொம்யூன் என்பதை ஊராட்சி என்று கொள்வதா, நகராட்சி என்று கொள்வதா? 'நாட்டின் அடிப்படை அலகு' என்று அதைச் சொல்வதற்கு என்ன பொருள்? எங்கள் ஊர்ப் பலகையில் உள்ள சொல்லும் அதுவும் ஒன்றுதானா? விவரம் தெரிந்தவர்கள் பொறுமையுடன் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில் 1: ரோன் கரையிலிருந்து

ஐயா, வணக்கம். நான் முத்தியால்பேட்டையில் பிறந்து முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பிரான்சில் வாழ்பவன். ஒரு சிறிய கொம்யூனின் மன்றத்தில் ஒரு தவணைக் காலம் உறுப்பினராகவும் இருந்தேன். அந்த அனுபவத்தையும் சேர்த்து எழுதுகிறேன்.

கொம்யூன் என்பது ஊராட்சியும் அன்று, நகராட்சியும் அன்று. நாம் மக்கள்தொகையையும் வருமானத்தையும் வைத்து ஊராட்சி, பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சி என்று தரம் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு சட்டம் செய்து வைத்திருக்கிறோம். பிரெஞ்சுச் சட்டம் அவ்வாறு பிரிப்பதில்லை. பாரிஸ், லியோன், மார்செய் ஆகிய நகரங்களுக்குச் சில தனி விதிகள் உண்டு என்பது உண்மை. ஆயினும் தங்கள் மருமகன் குடியிருக்கும் கிராமத்துக்கும் துலூஸ் நகரத்துக்கும் சட்டநிலை ஒன்றே. தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம், அந்த மன்றம் தேர்ந்தெடுக்கும் மேயர், சொந்த வரவு செலவுத் திட்டம், சொந்தச் சொத்து ஆகிய நான்கும் இரண்டுக்கும் உண்டு. நூறு பேருக்குக் குறைவான ஊரில் மன்றத்துக்கு 7 பேர், மூன்று லட்சத்துக்கு மேற்பட்ட நகரில் 69 பேர் என உறுப்பினர் எண்ணிக்கைதான் மாறும். (1871-இல் பாரிசில் எழுந்த புரட்சி அரசுக்கும் இதே பெயர் என்பதால் சிலர் இதனைப் பொதுவுடைமையோடு சேர்த்துக் குழப்பிக்கொள்வதுண்டு. சொல் அதைவிட மிகப் பழையது.)

இந்த ஏற்பாடு 1789 டிசம்பர் 14-ஆம் நாள் சட்டத்திலிருந்து தொடங்குகிறது. புரட்சிக்குப் பிறகு நாட்டை எப்படிப் பிரிப்பது என்று தேசிய அவையில் பெரும் விவாதம் நடந்தது. தூரே என்பவர் முன்வைத்த திட்டம், நாட்டைச் சதுரங்கப் பலகையைப் போல வெட்டி, ஏறத்தாழ 720 பெரிய கொம்யூன்களை உண்டாக்குவதாக இருந்தது. மிராபோ முதலியோர் அதனை எதிர்த்து, மக்கள் ஏற்கெனவே ஓர் ஊராக வாழ்ந்துவரும் இடங்களையே அலகாகக் கொள்ள வேண்டும் என்று வாதிட்டனர். அவர்கள் கருத்தே வென்றது. தேவாலய மணியோசை கேட்கும் எல்லைக்குள் பிறந்து, மணந்து, அடக்கமாகி வந்த பங்குகள் (ஒரே தேவாலயத்தைச் சார்ந்த மக்கள் வாழும் வட்டாரங்கள்) அனைத்தும் அப்படியே ஆட்சி அலகுகளாக மாறின. இன்றும் சுமார் 35,000 கொம்யூன்கள் இருப்பதற்கும், அவற்றில் பாதிக்கு மேற்பட்டவற்றில் ஐந்நூறு பேர்கூட இல்லாமலிருப்பதற்கும் காரணம் அந்த ஒரு முடிவே ஆகும்.

அளவுகளில் உள்ள ஏற்றத்தாழ்வு வியப்பூட்டக்கூடியது. தெற்கே உள்ள ஆர்ல் கொம்யூனின் பரப்பு 759 சதுர கிலோமீட்டர். போர்தோவுக்கு அருகில் உள்ள கஸ்தெல்மொரோன் தால்ப்ரேயின் பரப்பு நான்கு எக்டேர்கூட இல்லை. வெர்தன் போர்க்களத்தில் 1916-இல் குண்டுவீச்சால் அழிந்துபோன கிராமங்களுள் ஆறு, குடியேற ஒருவருமின்றி இன்றும் கொம்யூன்களாகவே நீடிக்கின்றன. அவற்றில் வாக்காளர்கள் இல்லாததால், அரசின் பிரதிநிதியான ப்ரெஃபே மூவர் கொண்ட ஒரு குழுவை நியமிக்கிறார். அதன் தலைவருக்கு மேயரின் அதிகாரங்கள் உண்டு. ஃப்ளெரி என்னும் அத்தகைய ஊரில் வீடுகள் நின்ற இடங்களில் வெறும் பலகைகள் நடப்பட்டிருப்பதைப் பார்த்தபடி நான் நடந்திருக்கிறேன். ஆள் இல்லாத ஊரையும் வரைபடத்திலிருந்து நீக்க அந்த நாடு மறுத்துவிட்டது.

இனி 'அடிப்படை அலகு' என்பதற்கு வருகிறேன். மிகச் சிறியது என்பதால் மட்டும் ஓர் அலகு அடிப்படை ஆகிவிடாது. நாட்டின் நிலப்பரப்பில் எந்தத் துண்டும் அதற்கு வெளியே இருக்கக் கூடாது. எந்தக் குடிமகனைப் பற்றிய பதிவும் அதிலிருந்தே தொடங்க வேண்டும். பிரான்சில் இவ்விரண்டும் நிறைவேறுகின்றன. நிலவரைபடங்களும், வாக்காளர் பட்டியலும், பிறப்பு, திருமண, இறப்புப் பதிவேடுகளும் கொம்யூன் வாரியாகவே உள்ளன. மேயருக்கு இரட்டைப் பொறுப்பு உண்டு. ஊர் மக்களின் சார்பில் மன்றத்தின் முடிவுகளை நிறைவேற்றுபவரும் அவரே. அரசின் சார்பில் குடிமைப் பதிவு அலுவலராக இருப்பவரும் அவரே. தாங்கள் பார்த்த திருமணத்தில் அவர் அணிந்திருந்த பட்டை அந்த இரண்டாவது பொறுப்பின் அடையாளம். நம் நாட்டில் பட்டா ஓர் அலுவலகத்திலும், ஊராட்சித் தீர்மானம் மற்றோர் அலுவலகத்திலும், வாக்காளர் பட்டியல் வேறோர் அலுவலகத்திலும் இருக்கின்றன. அங்கே இவற்றின் முதல் வாசல், 'மேரி' என்று சொல்லப்படும் மேயர் அலுவலகம் ஒன்றே.

பள்ளிகளைப் பாருங்கள். மழலையர் பள்ளி, தொடக்கப்பள்ளி ஆகியவற்றின் கட்டடம் கொம்யூனுக்குச் சொந்தம்; அடுத்த நிலைப் பள்ளி மாவட்டத்தை ஒத்த தெபார்த்மானுக்குச் சொந்தம்; மேல்நிலைப் பள்ளி அதற்கும் மேலுள்ள ரெழியோனுக்குச் சொந்தம்; ஆசிரியர்களின் சம்பளத்தை அரசு தருகிறது. ஒரு குழந்தை வளர வளர நாட்டின் அடுக்குகளில் ஏறிப்போவதுபோல இந்த அமைப்பு எனக்குத் தோன்றுவதுண்டு.

நாட்டின் மேல்நிலை அரசியலும் இதன்மேல்தான் நிற்கிறது. மேலவையான செனட்டின் 348 உறுப்பினர்களைத் தேர்ந்தெடுப்போரில் இருபதில் பத்தொன்பது பங்கினர் கொம்யூன் மன்றங்களைச் சேர்ந்தவர்களே. குடியரசுத் தலைவர் தேர்தலில் நிற்க விரும்புகிறவர், குறைந்தது 30 தெபார்த்மான்களிலிருந்து மக்கள் பிரதிநிதிகள் 500 பேரின் கையொப்பத்தைப் பெற வேண்டும் என்று 1976 முதல் விதி உள்ளது. அந்தக் கையொப்பங்களைத் தேடிச் சிறு கட்சியினர் கிராமத்து மேயர்களின் கதவைத் தட்டுவதை ஒவ்வொரு தேர்தலிலும் காணலாம்.

பதில் 2: தணிக்கையாளர்

மேலே எழுதிய நண்பரின் விளக்கம் சிறப்பானது. ஆனால் படத்தின் ஒரு பாதியையே அவர் காட்டியிருக்கிறார் என்று நினைக்கிறேன். உள்ளாட்சிக் கணக்குகளைப் பார்த்தே ஓய்வுபெற்றவன் என்ற முறையில், முந்நூறு பேர் கொண்ட ஓர் அலகு குடிநீர்க் குழாயையும் குப்பை அகற்றலையும் எந்தப் பணத்தில் நடத்தும் என்பதே என் முதல் கேள்வியாக இருக்கும். நடத்த முடியாது என்பதைப் பிரான்சு நெடுங்காலமாக அறிந்தே இருக்கிறது.

சிறு கொம்யூன்களை இணைத்துவிட 1971-இல் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். அது படுதோல்வி அடைந்தது. சேர்ந்தவை சில, சேர்ந்த பிறகு பிரிந்துபோனவையும் உண்டு. அதே காலத்தில் அண்டை நாடுகள் பலவும் இணைப்பைக் கறாராகச் செய்து முடித்தன. டென்மார்க், பிற்காலத்தில் 2007-இல், 271 நகராட்சிகளை ஒரே வீச்சில் 98 ஆக்கியது. பிரெஞ்சு அரசு அந்த வழியில் செல்ல முடியாமல் வேறொரு வழியைத் தேர்ந்தது. ஊரின் பெயரையும் மேயரையும் தொடாமல், பல கொம்யூன்கள் சேர்ந்து ஒரு கூட்டமைப்பை வைத்துக்கொள்ள வேண்டும் என்றது. போர்தோ, லீல், லியோன், ஸ்திராஸ்பூர் ஆகிய நான்கு பெருநகரங்களுக்கு 1966-ஆம் ஆண்டுச் சட்டம் அத்தகைய கூட்டமைப்பை ஏற்கெனவே கட்டாயமாக்கியிருந்தது. 1992, 1999 ஆண்டுகளின் சட்டங்கள் அதனை நாடு முழுதும் பரப்பின. 2015-ஆம் ஆண்டுச் சட்டம், சில விதிவிலக்குகளோடு, ஒரு கூட்டமைப்பில் குறைந்தது 15,000 பேர் இருக்க வேண்டும் என்று வரையறுத்தது. குப்பை, தொழிற்பேட்டை, பேருந்து போன்ற செலவு மிகுந்த பணிகள் பெருமளவும் இன்று அந்தக் கூட்டமைப்புகளின் கையில் உள்ளன.

ஆகவே ஒரு கிராமத்து மேயரிடம் மீந்திருப்பது என்ன என்று கேட்பது நியாயமான கேள்வியே. அதோடு, வீட்டில் குடியிருப்போர் செலுத்திவந்த குடியிருப்பு வரி, முதன்மை வீடுகளுக்கு 2023 முதல் முற்றிலும் நீக்கப்பட்டுவிட்டது. ஈடாக வேறு வருவாய் தரப்பட்டது உண்மைதான்; ஆனால் தன் ஊரில் குடியிருக்கும் ஒவ்வொரு குடும்பத்திடமும் நேரடியாக வரி கேட்கும் உறவு அறுந்துவிட்டது. சொந்த வீடும் நிலமும் உள்ளவர் மட்டுமே இன்று கொம்யூனுக்கு வரி கட்டுகிறார். வரி கேட்காத மன்றத்திடம் கணக்குக் கேட்கும் பழக்கமும் மெல்ல மறைந்துவிடும் என்பது என் துறை எனக்குக் கற்றுத் தந்த பாடம். பெயரில் அடிப்படை அலகாக இருந்துகொண்டு, பணத்தில் மேலிருந்து வரும் மானியத்தை எதிர்பார்க்கும் நிலை எந்த நாட்டிலும் ஆரோக்கியமானதன்று.

பதில் 3: ரோன் கரையிலிருந்து

தணிக்கையாளர் ஐயா சொல்வதை நான் மறுக்கவில்லை. நான் மன்றத்தில் இருந்த ஆண்டுகளில், எங்கள் ஊரின் குடிநீர்க் கட்டணத்தைப் பற்றிய முடிவு முப்பது கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள கூட்டமைப்பின் கூட்டத்தில் எடுக்கப்பட்டபோது, எங்கள் மேயர் அந்தப் பெரிய அறையில் ஒரே ஒரு வாக்குடன் அமர்ந்திருந்ததைக் கண்டு வருந்தியிருக்கிறேன். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தக் கூட்டமைப்பு கொம்யூன்களால் ஆனது. கொம்யூன் கூட்டமைப்பால் ஆனதன்று. அதன் மன்றத்தில் அமர்பவர்கள் கொம்யூன் மன்ற உறுப்பினர்களே. அரசியலமைப்பின் 72-ஆம் பிரிவு, தம்மைத் தாமே ஆண்டுகொள்ளும் அலகுகளைப் பெயர் சொல்லிப் பட்டியலிடும்போது கொம்யூனை முதலில் வைக்கிறது. கூட்டமைப்புகளுக்கு அந்தப் பட்டியலில் இடமே இல்லை. 1982-க்கு முன்பு கொம்யூனின் தீர்மானங்கள் ப்ரெஃபேயின் முன்கண்காணிப்புக்கு உட்பட்டிருந்தன. அந்த ஆண்டு மார்ச் 2-ஆம் நாள் சட்டத்துக்குப் பிறகு, ஒரு தீர்மானம் சட்டத்துக்கு முரணானது என்று கருதினால் அவர் நிர்வாக நீதிமன்றத்துக்குச் செல்லலாமே தவிர, தாமே அதனை ரத்துசெய்ய முடியாது. செலவைப் பகிர்ந்துகொள்வது வேறு, ஊரின் சட்ட ஆளுமையை இழப்பது வேறு என்றே நான் கருதுகிறேன்.

பதில் 4: வில்லியனூர் ஆசிரியர்

நெடுங்காட்டுப் பேரனின் மூன்றாவது கேள்விக்கு இன்னும் விடை வரவில்லை. உள்ளூர் வரலாறு கற்பித்தவன் என்ற உரிமையில் அதனை எடுத்துக்கொள்கிறேன்.

தங்கள் ஊர்ப் பலகையில் உள்ள சொல் அதே சொல்தான். 1880 மார்ச் 12-ஆம் நாள் ஆணையின் வழியாகப் பிரெஞ்சு இந்தியாவில் பத்துக் கொம்யூன்கள் அமைக்கப்பட்டன. புதுச்சேரிப் பகுதியில் புதுச்சேரி, உழவர்கரை, வில்லியனூர், பாகூர் என நான்கு. காரைக்கால் பகுதியில் மூன்று. சந்திரநாகூர், மாஹே, ஏனாம் ஆகியவை ஒவ்வொன்று. காரைக்கால் பகுதியின் மூன்றில் நெடுங்காடும் ஒன்று என்பதைத் தாங்கள் பெருமையுடன் குறித்துக்கொள்ளலாம். 1907-இல் இவை பதினேழாகப் பெருகின.

அவை பிரான்சின் கொம்யூன்களுக்கு நிகராக இருந்தனவா என்றால், வடிவத்தில் நிகர், உள்ளடக்கத்தில் இல்லை என்பேன். மேயரும் மன்றமும் இருந்தார்கள். ஆனால் ஒரு கைப்பிடி ஐரோப்பியருக்கெனத் தனி வாக்காளர் பட்டியல் நெடுங்காலம் இருந்தது. பங்குகளிலிருந்து இயல்பாகப் பிறந்தவையும் அல்ல இவை. பல சிற்றூர்களைச் சேர்த்து மேலிருந்து வரையப்பட்டவை. அதனால்தான் பிரான்சில் கொம்யூன் என்பது ஓர் ஊர். நம்மிடமோ அது பல ஊர்களின் தொகுதி.

ஆனாலும் அந்த வடிவம் ஒருமுறை வரலாற்றையே திருப்பிப்போட்டது. 1954 மார்ச்சில் புதுச்சேரிக் கொம்யூன்களின் மேயர்களும் மன்றங்களும் இந்தியாவோடு இணைய வேண்டும் என்று தீர்மானம் நிறைவேற்றத் தொடங்கியபோது, பிரெஞ்சு நிர்வாகத்தின் காலடி நிலம் நழுவியது. அந்த ஆண்டு அக்டோபர் 18-ஆம் நாள் கீழூரில் வாக்கெடுப்பு நடந்தபோது வாக்களித்த 178 பேர் யார்? பிரதிநிதிகள் சபை உறுப்பினர்களும் கொம்யூன் மன்ற உறுப்பினர்களுமே. 170 பேர் இணைப்புக்கு ஆதரவாகவும் 8 பேர் எதிராகவும் வாக்களித்தனர். நவம்பர் 1 அன்று ஆட்சி கைமாறியது. பொதுமக்கள் அனைவரிடமும் வாக்குக் கேட்கவில்லை என்ற குறை இன்றும் சொல்லப்படுகிறது, அது குறைதான். ஆயினும் ஒரு நிலப்பகுதியின் எதிர்காலத்தை அதன் அடிப்படை அலகுகளின் உறுப்பினர்கள் கூடித் தீர்மானித்த நிகழ்ச்சி அது என்பதை மாணவர்களுக்குச் சொல்லும்போதெல்லாம் எனக்கு உடல் சிலிர்க்கும்.

பிறகு நடந்தது வருத்தத்துக்குரியது. 1968-இல் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. 1973-இல் நகராட்சிகளுக்கு ஒரு சட்டமும் ஊர், கொம்யூன் பஞ்சாயத்துகளுக்கு ஒரு சட்டமும் இயற்றப்பட்டன. இன்று ஐந்து நகராட்சிகளும், நெடுங்காடு உட்படப் பத்துக் கொம்யூன் பஞ்சாயத்துகளும் அந்தச் சட்டங்களின்கீழ் உள்ளன. ஆனால் அடுத்த தேர்தல் 2006-இல்தான் நடந்தது. இடையில் முப்பத்தெட்டு ஆண்டுகள்! 2006-இல் வந்தவர்களின் பதவிக்காலம் 2011-இல் முடிந்தது. 2021-இல் அறிவிப்பு வந்தும் தேர்தல் நடக்கவில்லை. பலகையும் அலுவலகமும் ஆணையரும் இருக்கிறார்கள்; மன்றத்தின் நாற்காலிகள் காலியாக உள்ளன. ரோன் கரை நண்பர் சொன்ன வெர்தன் கிராமங்களில் மக்கள் இல்லை, ஆகவே தேர்தல் இல்லை. எங்கள் வில்லியனூரில் மக்கள் நிறைந்திருக்கிறார்கள் என்பதை ஆட்சியில் இருப்போர் யாராயினும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

ஒரு சிறு செய்தி: புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் உள்ள 'மேரி' கட்டடத்தின் பெயரைப் பலர் ஒரு பெண்ணின் பெயர் என்று நினைக்கிறார்கள். அது மேயர் அலுவலகம் என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல். பழைய கட்டடம் 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. பின்னர் பழைய தோற்றத்திலேயே மீண்டும் எழுப்பப்பட்டது.

கேள்வி கேட்டவர்: நெடுங்காட்டுப் பேரன்

அனைவருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. எங்கள் ஊர் அந்த முதல் பத்தில் ஒன்று என்பதை வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். இன்னும் ஒரே ஓர் ஐயம். அப்பாயியின் பதிவுத் தாளில் ஒரு மூலை செல்லரித்து, அவருடைய தந்தையார் பெயரின் பின்பாதி போய்விட்டது. மூலப் பதிவேட்டைப் பார்க்க வழி இருக்கிறதா?

பதில் 5: ரோன் கரையிலிருந்து

வழி இருக்கிறது ஐயா. நம் ஊர்ப் பெரியவர்கள் 'எத்தா சிவில்' என்று சொல்வது இந்தக் குடிமைப் பதிவைத்தான். குடியேற்றப் பகுதிகளின் பதிவேடுகளில் ஒரு படியைத் தாய்நாட்டுக்கு அனுப்பிவைக்க வேண்டும் என்று 1776-லேயே பிரெஞ்சு அரசன் ஆணையிட்டிருந்தான். அவ்வாறு அனுப்பப்பட்டுச் சேர்ந்த படிகள் இன்று எக்ஸ்-ஆன்-ப்ரோவான்ஸ் நகரில் உள்ள கடல்கடந்த பகுதிகளின் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. அவற்றில் ஒரு பகுதி இணையத்திலேயே பார்க்கக் கிடைக்கிறது. ஊரில் உள்ள படியைப் பற்றித் தங்கள் கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்தில் முதலில் விசாரியுங்கள். பதிவு எண்ணும் நாளும் தாளில் தெளிவாக இருந்தால் தேடுவது எளிது.

காப்பகத்தின் இணையத்தளத்தில் தேடும்போது குடும்பப் பெயரைக் கொண்டு தேடாதீர்கள்; நம் பெயர்களை அக்கால எழுத்தர்கள் காதில் விழுந்தபடியெல்லாம் எழுதியிருப்பார்கள். முதலில் பிரெஞ்சு இந்தியா என்ற நிலப்பகுதியையும், பிறகு கொம்யூனையும், அதன் பிறகு ஆண்டையும் தெரிவுசெய்யுங்கள். நெடுங்காட்டின் பெயரைப் பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில் 'நெதூன்காது' என்று ஒலிக்கும்படி எழுதியிருப்பார்கள். தங்களிடம் உள்ள தாளின் தலைப்பில் அது எப்படி எழுதப்பட்டிருக்கிறதோ அதையே அப்படியே பயன்படுத்துங்கள். பக்கம் கிடைத்து, கையெழுத்து புரியாவிட்டால் இங்கே பதிவிடுங்கள். நானே படித்துச் சொல்கிறேன்.